அமோனியா பேசுது

முதலில் வந்த எண் 212. அருப்புக்கோட்டையில் ஒரு லேபில் எடுத்தது. மறுநாள் மதுரையில் எடுத்தபோது 88. ஒரே ராத்திரியில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது என்று தம்பிக்குச் சந்தோஷம். பெரிய மாமா குடும்ப வாட்ஸப் குழுவில் கைகூப்பும் படம் போட்டார். அன்று காலையில்தான் அம்மா என் முகத்தைப் பார்த்து, "நீங்க நர்சாம்மா? எனக்கு ஊசி வேண்டாம்" என்று மரியாதையாகச் சொல்லியிருந்தாள். என்னை அவள் 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள். சுவடிகளின் பாடபேதங்களோடு ஐந்தாறு வருடம் மல்லுக்கட்டியவள். ஒரே வரி இரண்டு ஏட்டில் இரண்டு விதமாக இருந்தால் என்ன கேட்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன்: யார் எழுதியது, எதைப் பார்த்து எழுதியது, பிழை வழியில் எங்கே புகுந்தது. அதையெல்லாம் மறந்துவிட்டு, 88ஐப் பார்த்ததும் நானும் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

இரண்டு எண்ணும் ஒரே அளவையில் இல்லை என்பது மத்தியானம்தான் எனக்கு உறைத்தது. முதல் தாளில் டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று இருந்தது. இரண்டாவதில் லிட்டருக்கு இத்தனை மைக்ரோமோல். பின்னதை 1.7ஆல் பெருக்கினால் முன்னது வரும். 88 என்பது ஏறக்குறைய 150. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறினாலும், சாதாரண அளவு மைக்ரோமோல் கணக்கில் 35ஐ ஒட்டி முடிந்துவிடும். ஆக, அம்மாவுக்கு இரண்டு நாளும் அதிகம்தான். சரி, 212க்கும் 150க்கும் நடுவில் இன்னும் 62 மிச்சம் இருக்கிறதே? அதில் கொஞ்சமாவது அம்மாவின் உடம்பில் இல்லை, ஆட்டோவில் இருந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இது 2022 மாசியில் நடந்தது. அதற்கு நாலைந்து மாதம் முன்பே அம்மா மாறத் தொடங்கியிருந்தாள். முதலில் கவனித்தது தம்பி மனைவி. "அத்த சாம்பாருக்கு ரெண்டு தடவ உப்பு போடுறாங்க மதினி. பகல் பூரா தூங்குறாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு வாசல் தெளிக்கிறாங்க" என்று போனில் சொன்னாள். நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். மருமகள் மாமியார்மேல் குறை சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். பெண்ணியம் பற்றி மேடையில் பேசுகிறவள், ஒரு பெண் கண்ணால் பார்த்ததைச் சொன்னபோது, அவள் யார் என்பதை வைத்து அவள் சொல்லை எடை போட்டேன். அவள் சொன்ன இரண்டுமே, முக்கியமாகப் பகலும் இரவும் தலைகீழானது, இந்த நோயின் ஆரம்ப அடையாளங்கள் என்று பிறகு மருத்துவர் சொன்னபோது அவள்தான் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் போர்வையைச் சரிசெய்தாள்.

ஊரில் ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. அப்பா இறந்து வருஷம் திரும்புகிறது, அந்த நினைப்பு என்றார்கள். சித்தி, மந்திரித்த கயிறு வாங்கிவந்து கட்டினாள். பக்கத்துத் தெரு டாக்டர், "வயசான பொம்பளைங்களுக்கு வர்றதுதான், மனசுல எதையோ போட்டு உழப்பிக்கிறாங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஈரல் கெட்டவர்களுக்குத் தூக்க மாத்திரை எவ்வளவு ஆபத்து என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மாவின் ஈரல் கெட்டிருக்கிறது என்பதே தெரியாது. சர்க்கரை பதினைந்து வருஷமாக இருந்தது, அதற்கு மாத்திரை சாப்பிட்டாள், அவ்வளவுதான். அந்தத் தூக்க மாத்திரையை ஐந்து நாள் சாப்பிட்டாள். ஆறாவது நாள் தறிக்கூடத்தின் மூலையில் பாவாடையோடு உட்கார்ந்து, கையில் ஒன்றுமில்லாமல், இல்லாத ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷம் அப்பாவின் தறிக்குத் தார் சுற்றிய கை அது. கூலி இல்லாத வேலை.

லேபுக்குத் தம்பி கூட்டிப்போனான். யாரோ அமோனியா பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நரம்பு கிடைக்கவில்லை என்று ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, "கைய நல்லா மூடித் தொறங்க, இன்னும் இறுக்கி" என்று பல தடவை செய்யச் சொன்னார்களாம். ரத்தம் எடுத்த குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளுக்கு எடுக்கப் போனாராம் அந்தப் பையன். பிறகு அது ஆட்டோவில் இன்னொரு இடத்துக்குப் போனது. பங்குனி வெயிலுக்கு முந்தைய மாசி வெயில்.

மதுரை ஆஸ்பத்திரியில் இதே ரத்தத்தை எடுத்த விதம் வேறு. கையை முறுக்கச் சொல்லவில்லை. பட்டையைக் கட்டியதும் தெரியவில்லை, அவிழ்த்ததும் தெரியவில்லை. ஊதா மூடிக் குழாயை உடனே ஐஸ் துண்டுகளுக்குள் புதைத்து ஒருவர் கிட்டத்தட்ட ஓடினார். எதற்கு இந்த ஓட்டம் என்று அந்த நர்சம்மாவிடம் கேட்டேன். "ரத்தம் வெளிய வந்தப்புறமும் சும்மா இருக்காது மேடம். குழாய்க்குள்ளயே அமோனியா ஊறிக்கிட்டே இருக்கும். சூட்டுல வச்சா எண் தானா ஏறும்" என்றார். தசையை முறுக்கினாலும் ஏறும். இதை வாசிக்கிற பிள்ளைகள் யாராவது நாளைக்கு அம்மாவையோ அத்தையையோ இந்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனால் ஐஸ் இருக்கிறதா, உடனே பிரித்துப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். வெளியூருக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டும் என்றால், பார்க்கும் இடத்துக்கே ஆளைக் கூட்டிப்போவது நல்லது. தாளில் அளவை என்ன என்று பாருங்கள். இரண்டு லேபின் எண்ணை ஒப்பிடாதீர்கள். என் பாடபேத ஆராய்ச்சி எனக்கு உதவியிருக்க வேண்டிய இடம் இது. உதவவில்லை.

அமோனியா என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது ஒரு வாசனை. சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் வருவார். துருத்தி ஊதி, பித்தளைப் பாத்திரத்தைச் சூடேற்றி, வெள்ளைப் பொடியை உள்ளே போட்டுத் துணியால் தேய்ப்பார். மூக்கைத் துளைக்கும் புகை கிளம்பும். நவச்சாரம் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். வேதியியலில் அதற்குப் பெயர் அமோனியம் குளோரைடு. புகை அடங்கியதும் பாத்திரத்தின் உட்புறம் கண்ணாடி மாதிரி மின்னும். அம்மா அதில் தன் முகத்தைப் பார்ப்பாள். எங்கள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி அப்பா சவரம் செய்யும் இடத்தில் உயரமாக மாட்டியிருந்தது.

அந்த அமோனியா உடம்புக்குள் எப்படி வந்தது? வெளியிலிருந்து வரவில்லை. நாம் சாப்பிடும் பருப்பும் முட்டையும் குடலில் உடையும்போது, அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அமோனியாவை உண்டாக்குகின்றன. குடலின் சுவரும் கொஞ்சம் உண்டாக்குகிறது. எல்லோருக்கும் தினமும் நடப்பதுதான். குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது. கல்லீரல் அந்த அமோனியாவைப் பிடித்து யூரியாவாக மாற்றிவிடுகிறது, யூரியா சிறுநீரில் போய்விடுகிறது. இந்தச் சுழற்சியை 1932இல் ஜெர்மனியில் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்ஸெலைட்டும் கண்டுபிடித்தார்கள். ஈரல் தழும்பேறிச் சுருங்கினால் இரண்டு கோளாறு நடக்கிறது. மாற்றும் வேலை குறைகிறது. தழும்பு வழியை அடைப்பதால், ரத்தமும் ஈரலுக்குள் போகாமல் பக்கவழிகளில் சுற்றிக்கொண்டு போகிறது. கழுவாத ரத்தம் மூளைக்குப் போய்ச் சேருகிறது. மூளையின் துணைச் செல்கள் அமோனியாவை உள்ளே வாங்கிக்கொண்டு வீங்குகின்றன. ஆளுக்குத் தூக்கம் மாறுகிறது, சொல் தடுமாறுகிறது, கை நடுங்குகிறது, பெற்ற பிள்ளை நர்சாகத் தெரிகிறது.

ஈரலைக் குடும்பப் பெண்ணாக உருவகித்து ஒரு கவிதை எழுத அந்த வாரமே ஆரம்பித்தேன். நாலு வரியில் நிறுத்திவிட்டேன். உருவகம் ரொம்பச் சுலபமாக வந்தது, அதனாலேயே பிடிக்கவில்லை.

"அம்மா குடிப்பாங்களா?" என்று எந்த டாக்டரும் கேட்கவில்லை. "அப்பா?" என்றுதான் கேட்டார்கள். அப்பா குடித்தார். குடித்தது அவர், கெட்டது இவள் ஈரல். அவர் போனது மாரடைப்பில். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மட்டும் வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஈரல்னா... ஒங்கம்மாவுக்குமா?" என்று இழுத்தார்கள். சர்க்கரை நோயாளிகளுக்குக் கொழுப்பு படிந்து ஈரல் இப்படிக் கெடுவதற்கு அப்போது இருந்த பெயர் 'மதுசாராக் கொழுப்பு ஈரல் நோய்'. ஒரு பெண் செய்யாத காரியத்தைச் சொல்லி அவள் நோய்க்குப் பெயர் வைத்திருந்தார்கள். 2023இல் உலக அளவில் கூடிப் பெயரை மாற்றி, வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்த்து அழைக்கத் தொடங்கினார்கள். எங்கள் சொந்தக்காரர்களுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

ஈரல் செயல்பாட்டுப் பரிசோதனை என்ற தாளைத் தம்பி எனக்கு வாசித்துக் காட்டினான். "அக்கா, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 36. நார்மல் 40. கொஞ்சம்தான் கூட. ஈரல் நல்லாத்தான் இருக்கு." எனக்கும் அப்படித்தான் பட்டது. மருத்துவர், என் வயதுள்ள ஒரு பெண், அந்தத் தாளைத் திருப்பி வைத்துப் பேனாவால் வேறு மூன்று இடங்களைச் சுழித்தார். எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும் ஈரல் செல்லுக்குள் இருக்கும் நொதிகள். செல் உடையும்போது கசிந்து ரத்தத்துக்கு வருகின்றன. அவை சேதத்தைச் சொல்லும், செயல்பாட்டைச் சொல்லாது. பல வருஷமாக அடிபட்ட ஈரலில் உடைவதற்குச் செல்லே குறைந்துபோயிருக்கும். அப்போது இந்த எண்கள் சாதுவாகத்தான் இருக்கும். ஈரல் வேலை செய்கிறதா என்று தெரிய, அது செய்து அனுப்பும் பொருளைப் பார்க்க வேண்டும். ஆல்புமின் ஈரல் தயாரிக்கும் புரதம். 3.5க்கு மேல் இருக்க வேண்டியது அம்மாவுக்கு 2.6. ரத்தம் உறைவதற்கான பொருள்களையும் ஈரல்தான் தயாரிக்கிறது. ஐஎன்ஆர் 1ஐ ஒட்டி இருக்க வேண்டும், அம்மாவுக்கு 1.6. ஈரல் வெளியேற்ற வேண்டிய பிலிருபின் 2.4. இன்னொரு தாளில் தட்டணுக்கள் 82,000. ஒன்றரை லட்சத்துக்குமேல் இருக்க வேண்டியது.

"ஒங்க அம்மாவுக்கு இது இன்னைக்கு வந்தது இல்ல. பத்து வருஷமாவது ஆயிருக்கும்" என்றார். பத்து வருஷமாக வீட்டில் அப்பாவுக்கு வருஷத்துக்கு ஒருமுறை முழு உடல் பரிசோதனை நடந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை மட்டும் பார்த்தோம், அதுவும் அப்பாவைக் கூட்டிப்போகும்போது போகிறபோக்கில்.

பிறகு அவர் அம்மாவின் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி உள்ளங்கையை உயர்த்தச் சொன்னார். சில நொடியில் மணிக்கட்டு தானாகக் கீழே விழுந்து மறுபடி எழுந்தது. விழுந்தது, எழுந்தது. பறவை இறக்கையடிப்பது போல. ஒரு தாளில் 1 முதல் 25 வரை எண்கள் சிதறிக் கிடந்தன. வரிசையாகக் கோடு இழுத்துச் சேர்க்க வேண்டும். "இது என்ன, புள்ளிக் கோலமா?" என்றாள் அம்மா. ஏழுக்குமேல் போகவில்லை. பேனா நின்றுவிட்டது. "என்ன கிழமைம்மா?" என்று கேட்டார். "அவுக வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றாள்.

"நான் பார்க்கிறது இதைத்தான்" என்றார் மருத்துவர். அமோனியா எண் எவ்வளவு உயரமோ நோய் அவ்வளவு கடுமை என்று கிடையாதாம். நிறைய அமோனியாவோடு தெளிவாகப் பேசுகிறவர்கள் உண்டு, குறைவாக வைத்துக்கொண்டு மயங்கிக் கிடப்பவர்கள் உண்டு. ஈரல் தழும்பு நோய் உள்ளவர்களிடம் உயர்ந்த எண் ஒன்றை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது. எண் சாதாரணமாக வந்தால்தான், குழப்பத்துக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று யோசிக்க அது உதவும். அமெரிக்க, ஐரோப்பிய ஈரல் மருத்துவர் சங்கங்கள் 2014இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது என்று பின்னால் வாசித்தேன்.

அவருடைய அடுத்த கேள்வி, "வெளிக்குப் போய் எத்தன நாள் ஆச்சு?" தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தம்பி மனைவிதான் சொன்னாள்: நாலு நாள். மலச்சிக்கல், தண்ணீர் போதாமை, தூக்க மாத்திரை. தள்ளிவிட்டவை இவை. எங்கள் வீட்டில் கழிப்பறை பின்கட்டில் இருக்கிறது. ராத்திரி தடுக்கி விழுந்துவிடுவோம் என்று அம்மா சாயங்காலத்துக்குமேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது.

மருந்து லாக்டுலோஸ் என்கிற தித்திப்புச் சிரப். குடலைப் புளிப்பாக்கி, அமோனியாவை ரத்தத்துக்குப் போகவிடாமல் அங்கேயே கட்டி மலத்தோடு தள்ளிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை இளக்கமாகப் போக வேண்டும். குறைந்தால் சிரப்பைக் கூட்ட வேண்டும், பேதியானால் குறைக்க வேண்டும். மூன்றாம் நாள் காலை நான் காப்பியோடு உள்ளே போனபோது, "ஏண்டி, காலேஜுக்கு லீவு போட்டியா? சம்பளத்தப் புடிக்கப் போறான்" என்றாள். 'ஏண்டி' என்ற சொல்லுக்காக நான் அழுததை என் துறைத் தலைவர் பார்க்கவில்லை, நல்லது. தம்பி விடாப்பிடியாக அன்றைக்கும் அமோனியா எடுக்கச் சொன்னான். 79. மருத்துவர் அதைப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடினார்.

சாப்பாட்டில் பெரிய சண்டை நடந்தது. பருப்பு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னது உறவுக்கூட்டம், அமோனியா அதிலிருந்துதானே வருகிறது என்று. பழைய மருத்துவமும் அப்படித்தான் சொன்னதாம். இப்போது அது தவறு என்கிறார்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். காரணம், ஈரல் கைவிட்ட அமோனியாவைக் கொஞ்சம் வாங்கிக்கொள்வது தசைதான். தசை கரைந்தால் அந்த வழியும் போச்சு. நீண்ட நேரம் பட்டினி கிடக்கவே கூடாது, படுக்கும் முன் ஏதாவது சாப்பிட வேண்டும். இதைக் கேட்டுவிட்டு அம்மாவின் கையைப் பார்த்தேன். வளையல் முழங்கைவரை தங்குதடையில்லாமல் ஏறியது. வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி விரதம், எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சிய குழம்பு. முட்டை என்றால் அப்பாவுக்கும் தம்பிக்கும். எனக்குப் பாதி. அம்மாவுக்கு, "எனக்கு அந்த வாடையே புடிக்காது." இப்போது தினம் ஒரு முட்டை சாப்பிடுகிறாள். மிளகுத்தூள் தூவி, ருசித்து.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

ஆஸ்பத்திரியில் குழப்பத்தில் இருந்த இரண்டு நாளும் அம்மா ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "நான் போடல. என் கை போட்டுச்சு." பெரிய மாமா கட்டில் பக்கத்தில் நின்று சிரித்தார். "அக்கா பேசல, அமோனியா பேசுது" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். பயந்து கிடந்த வீட்டுக்கு அந்தச் சொல் ஆறுதலாக இருந்தது. வீட்டுக்கு வந்தபிறகும் அது நிலைத்துவிட்டது. அம்மா காப்பி ஆறிப்போச்சு என்று கோபப்பட்டால் அமோனியா. தம்பியின் செலவைக் கண்டித்தால் அமோனியா. பேயாட்டத்தில் பெண்கள் பேசுவதைப் பேயின் கணக்கில் எழுதிவிட்டுக் கேட்காமல் விடுவது எப்படி என்று முதுகலை வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுகிறவள் நான். ஒருநாள் அம்மா, "எங்கய்யா நெலத்துல எனக்குப் பங்கு இருக்குல்ல?" என்று கேட்டபோது, "காலையில சிரப்பு குடிச்சியா?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு குழப்பமும் இல்லை.

அப்புறம்தான் துருவினேன். அந்தத் தை மாதம், பொங்கல் முடிந்த வாரம், மாமாக்கள் காரில் வந்து அம்மாவைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். தாத்தாவின் கரிசல் நிலம், இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட். பக்கத்தில் ரோடு வந்ததில் விலை ஏறியிருந்தது. அம்மாவுக்குக் கல்யாணம் 1974இல். மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாடு 1989இல் கொண்டுவந்த சட்டம், அதற்கு முன்பே கல்யாணமான பெண்களைச் சேர்க்கவில்லை. 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. அப்பா முன்பே இறந்திருந்தாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கியது. தாத்தா இறந்தது 1998. பங்கு பிரித்துப் பதிந்ததில்லை. ஆகவே விற்பதற்கு அக்காவின் கையெழுத்து வேண்டும். விடுதலைப் பத்திரம். அதற்கு ஈடாக ஒரு பட்டுச்சேலையும் இருபதாயிரமும். தம்பிக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை.

அம்மாவிடம் கேட்டேன். "கார் ஞாபகம் இருக்கு. ஏசி போட்டுருந்தான், குளுருச்சு. போட்டோ எடுக்கக் கண்ணாடியக் கழட்டச் சொன்னாங்க. அப்புறம் கைய வச்சாங்க. என்ன எழுதிருந்துச்சுன்னு ஞாபகம் இல்ல." கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்குக் காலண்டர் தேதிகூடத் தெரியாது.

அலமாரியில் பால் கணக்கு நோட்டு இருந்தது. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். அவள் எழுத்து தார்க்குச்சியில் நூல் மாதிரி சீராக இருக்கும். நோட்டில் புரட்டாசி வரை அப்படித்தான் இருக்கிறது. ஐப்பசியில் வரி சரிகிறது. மார்கழியில் 'அரை' என்ற சொல்லில் ரகரம் இரண்டு தடவை வருகிறது. தை முதல் வாரத்தில் ஒரே நாளை மூன்று முறை எழுதி, மூன்று முறையும் அடித்திருக்கிறாள். பிறகு வெறும் கோடுகள். எந்தச் சுவடியையும் நான் இவ்வளவு நேரம் கையில் வைத்திருந்ததில்லை. கையெழுத்து சிதைவது இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

என் பழைய மாணவி ஒருத்தி மதுரையில் வக்கீலாக இருக்கிறாள். நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். கவனமாகப் பார்த்தாள். "கையெழுத்துப் போட்ட அந்த நேரத்துல அம்மாவுக்குத் தெளிவு இல்லன்னு நாமதான் நிரூபிக்கணும் மிஸ். ஜனவரியில எடுத்த அமோனியா ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?" இல்லை. பொங்கலுக்குக் கார் அனுப்பியவர்கள் யாரும் அன்று ரத்தம் எடுக்கவில்லை. இருந்தாலும் அந்த எண் அம்மாவின் தெளிவைப் பற்றித் தனியாக ஒன்றும் சொல்லாது என்பது எனக்கு இப்போது தெரியும். கையெழுத்துப் போட்ட நாளில் யாரும் கேட்காத எண்ணை, பங்கு கேட்ட நாளிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள். அதைத்தான் அவளிடம் சொன்னேன். குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வழக்கைப் பற்றிச் சொன்னேன். முட்டையை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப கோர்ட்டுல ஏறி, எனக்குப் புத்தி சரியில்லாம இருந்துச்சுன்னு நீ சொல்லணும்?"

"அப்ப மட்டும்தாம்மா. அந்த மூணு மாசம்."

"ஒருக்கா சொல்லிட்டா அது அந்த மூணு மாசத்தோட நிக்குமா?"

எனக்குப் பதில் இல்லை. அவள் பேச்சைப் பேச்சாகக் கேட்க வேண்டும் என்றால் அவள் தெளிவானவள் என்று நான் வாதாட வேண்டும். அவள் நிலத்தை மீட்க வேண்டும் என்றால் தெளிவில்லாதவள் என்று வாதாட வேண்டும். இரண்டுக்கும் ஒரே கோப்பிலிருந்துதான் தாள் எடுக்க வேண்டும். வழக்கு வேண்டாம் என்றாள். நிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை நான் அப்போது கவனிக்கவில்லை.

மருத்துவர் சொன்னபடி தினமும் காலையில் அம்மாவிடம் என்ன கிழமை, என்ன தேதி, எந்த ஊர் என்று நாங்கள் கேட்போம். மதுரையிலிருந்து நான் போனில் கேட்பேன். முதலில் பொறுமையாகச் சொன்னாள். பிறகு எரிச்சல் வந்தது. பிறகு விடிந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து, கண்ணாடி போட்டு வாசித்து, யாராவது கேட்பார்கள் என்று தயாராக உட்கார்ந்திருப்பாள். பால் நோட்டில் பாலோடு சேர்த்து எத்தனை தடவை போனாள் என்பதையும் தானே குறித்தாள். எழுத்து மெல்ல மெல்ல நேரானது. ஆனி பிறந்தபோது அவள் ரகரம் பழைய ரகரமாகிவிட்டது.

அந்த மாதம் ஒருநாள் நான் ஊரில் இருந்தேன். பெரிய மாமா போன் பண்ணினார். வழக்கம்போல என்னிடம் விசாரித்தார். "அக்கா எப்படி இருக்கு? அந்த அமோனியா இப்ப எவ்வளவு?" அம்மா கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள், போனில் பேசுவதற்கு.

"தம்பி, இன்னைக்குச் செவ்வாக்கெழம. ஆனி ஏழு. இங்கிலீசு தேதி ஜூன் இருபத்தொண்ணு. நான் அருப்புக்கோட்டையில எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்துருக்கேன். பக்கத்துல எம்மக இருக்கா. இப்பச் சொல்லு, அந்தப் பத்திரத்துல என்ன எழுதிருக்குன்னு எனக்கு வாசிச்சுக் காட்ட நீ எப்ப வாரே?"